குடும்பத்தைக் கவிதையில் எழுதுதல்: ஒப்புதல் கவிதைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெற்றோரையோ, உடன்பிறந்தாரையோ, வாழ்க்கைத் துணையையோ பற்றிக் கவிதை எழுத உட்காரும் எவருக்கும் இரண்டு அச்சங்கள் சேர்ந்தே வருகின்றன. உண்மையை மறைத்தால் கவிதை பொய்யாகிவிடுமோ என்பது ஒன்று. உண்மையைச் சொன்னால் உறவு முறிந்துவிடுமோ என்பது மற்றொன்று. முதலாவதைக் கலை பார்த்துக்கொள்ளும், இரண்டாவதை மனசாட்சி பார்த்துக்கொள்ளும் என்று பிரித்துவிடுவதே வழக்கமாக இருக்கிறது. அந்தப் பிரிவினையை என்னால் ஏற்க முடியவில்லை. கவிதையில் வரும் தாய் வெறும் குற்றவாளியாக மட்டும் நின்றுவிட்டால், அது அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி. அதே அளவுக்கு அது கவிதையின் குறைபாடும் ஆகும். பிறரை நியாயமாக எழுதக் கற்பதும் நன்றாக எழுதக் கற்பதும் ஒரே பயிற்சி என்ற நம்பிக்கையோடுதான் கீழ்வரும் படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

முதல் படி: முன்னோடிகளை எழுதுகோலோடு வாசியுங்கள்

அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவெல்லின் 'லைஃப் ஸ்டடீஸ்' தொகுப்பு 1959இல் வெளிவந்தபோது, விமர்சகர் எம். எல். ரோசென்தால் எழுதிய மதிப்புரையில்தான் சொந்த வாழ்வையும் குடும்பத்தையும் மறைக்காமல் எழுதும் இவ்வகைக் கவிதைக்கு ஒப்புதல் வாக்குமூலம் என்ற அடையாளம் கிடைத்தது; சுருக்கமாக, ஒப்புதல் கவிதை. கவிஞர்கள் தம்மைப் பற்றி எழுதுவது அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் தந்தையின் தோல்வி, மனநல மருத்துவமனையில் கழிந்த நாட்கள், மணவாழ்வின் கசப்பு ஆகியவற்றை, உறவினர் இன்னார் என்று அடையாளம் தெரியும்படி, கவிதையின் நேரடிப் பொருளாக்கியது புதிதாக இருந்தது. அதே ஆண்டில், லோவெல்லிடம் பயின்ற டபிள்யூ. டி. ஸ்னாட்கிராஸ், மணமுறிவினால் தம் சிறு மகளைப் பிரிய நேர்ந்ததைப் பத்துக் கவிதைகள் கொண்ட வரிசையாக எழுதி, 'ஹார்ட்ஸ் நீடில்' என்ற தொகுப்பில் வெளியிட்டார். அத்தொகுப்புக்கு 1960இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆன் செக்ஸ்டன், சில்வியா பிளாத், ஜான் பெரிமன் ஆகியோரின் தொகுப்புகள் அடுத்த சில ஆண்டுகளில் தொடர்ந்தன.

இவர்களை வாசிக்கும்போது மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கவிஞர் தம்மையே குற்றம் சாட்டிக்கொள்ளும் இடம், இன்னொருவர் தம் குரலில் பேசும் இடம், கவிஞருக்கே விடை தெரியாமல் நிற்கும் இடம். இம்மூன்றும் அரிதாக உள்ள கவிதை எவ்வளவு துணிச்சலாக இருந்தாலும் நெடுநாள் நிற்பதில்லை என்பது என் கணிப்பு. லோவெல் தம் தந்தையை எழுதியுள்ள முறையைக் கவனியுங்கள். கடற்படை அதிகாரியாக இருந்தவர், ஒரு சவர்க்கார நிறுவனம் இருமடங்கு ஊதியம் தர முன்வந்ததும், குளியல் தொட்டியில் இருந்தபடியே கடற்படையின் நங்கூரப் பாடலை உரக்கப் பாடுகிறார். அந்தக் காட்சியில் தந்தையை இழித்துரைக்கும் அடைமொழி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கடலை விட்டுப் போகும் ஒருவர் கடலின் பாட்டைத் தொட்டித் தண்ணீரில் பாடுவதில் அவருடைய வீழ்ச்சி முழுவதும் தெரிந்துவிடுகிறது; அவருடைய மகிழ்ச்சியும் தெரிகிறது. மகன் நினைத்திருந்தால் அந்த மகிழ்ச்சியை விட்டுவிட்டிருக்கலாம். விடாமல் எழுதியதால்தான் அந்த மனிதர் கவிதைக்குள் உயிரோடு இருக்கிறார்.

இரண்டாம் படி: உங்களிடம் உள்ளதை மூன்றாகப் பிரியுங்கள்

எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் உங்கள் கவிதைக்கான செய்திகளை எல்லாம் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் யாருக்குச் சொந்தம் என்று பக்கத்தில் குறியுங்கள். உங்களுக்கு நேர்ந்தவை, நீங்கள் உணர்ந்தவை உங்களுடையவை. நீங்களும் மற்றவரும் சேர்ந்து வாழ்ந்தவை இருவருக்கும் பொது. நீங்கள் அருகில் இருந்ததால் மட்டுமே உங்களுக்குத் தெரியவந்தவை, அதாவது சகோதரியின் நோய், தந்தையின் கடன், தாய் ஒருமுறை மட்டும் சொன்ன இரகசியம் போன்றவை, பிறருடையவை.

முதல் வகையைப் பற்றி எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. வீட்டில் வன்முறைக்கு ஆளான ஒருவர், அதைச் செய்தவரின் பெயர் கெட்டுவிடும் என்பதற்காக மௌனம் காக்கக் கடமைப்பட்டவர் அல்லர். குடும்ப மானம் என்ற பெயரில் அந்த மௌனத்தைக் கேட்பவர்களுக்கு நான் துணைநிற்க மாட்டேன். மூன்றாம் வகையில்தான் கை தயங்க வேண்டும். சகோதரியின் நோய் உங்களை எப்படி மாற்றியது என்பது உங்கள் கவிதை. அவருடைய நோயின் விவரங்கள் அவருடையவை. பெரும்பாலான சிக்கல்கள் இரண்டாம் வகையில் எழுகின்றன. அவற்றுக்கு ஒரே விடை கிடையாது என்பதால்தான் இந்த வழிகாட்டியின் எஞ்சிய படிகள் தேவைப்படுகின்றன.

மூன்றாம் படி: முதல் வரைவை யாருக்கும் இல்லாமல் எழுதுங்கள்

முதல் வரைவில் நாகரிகமும் நியாயமும் வேண்டாம். பெயர்கள், ஆண்டுகள், வசைகள் அனைத்தும் வந்து விழட்டும். இதை எவரிடமும் காட்டாதீர்கள், கைப்பேசியில் யாருக்கும் அனுப்பாதீர்கள். அழுது முடித்த இரவிலேயே ஒரு வரைவைப் பொதுவெளியில் வைத்துவிடும் பழக்கம் இன்று பரவலாக இருக்கிறது. அப்படி வைத்தவுடன் வாசகரின் பரிவு வந்து சேர்ந்துவிடுவதால், கவிதையைத் திருத்தும் தேவையே எழுதியவருக்கு இல்லாமல் போகிறது.

நான்காம் படி: பேசுவது யார் என்று முடிவு செய்யுங்கள்

ஒப்புதல் கவிதையில் வரும் 'நான்' எழுதியவரின் நகல் அன்று. அது எழுதியவரின் வாழ்விலிருந்து கட்டப்பட்ட ஒரு குரல். தமிழ் விமர்சனத்தில் கவிதைசொல்லி என்று வழங்கும் இந்தக் குரலை உணர்ந்து அமைக்காதவர்களின் கவிதை நாட்குறிப்பின் தரத்திலேயே நின்றுவிடும்.

சில்வியா பிளாத் 1962 அக்டோபர் 12 அன்று எழுதிய 'டாடி' கவிதையில், தந்தையைப் புதைத்தபோது தனக்கு வயது பத்து என்கிறாள் கவிதைசொல்லி. பிளாத்தின் தந்தை ஓட்டோ பிளாத் இறந்தது 1940 நவம்பரில். அப்போது மகளுக்கு எட்டு வயது நிறைந்து சில நாட்களே ஆகியிருந்தன. ஓட்டோ பிளாத் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்; வண்டுத் தேனீக்களை ஆராய்ந்து நூல் எழுதிய பேராசிரியர். கவிதையில் வரும் தந்தையோ நாஜி உருவம் பூண்டிருக்கிறார். பிபிசி வானொலிக்காக இக்கவிதையை அறிமுகப்படுத்தியபோது, தந்தையைக் கடவுளாக நினைத்திருந்த வயதில் அவரை இழந்த ஒரு பெண் பேசுவதாகவே பிளாத் சொன்னார். அந்தப் பெண் தாமே என்று சொல்லவில்லை.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. கவிதைசொல்லியை எழுதியவரிடமிருந்து விலக்கி நிறுத்தினால் குரலுக்குப் பெரும் விடுதலை கிடைக்கிறது என்பது முதலாவது. இரண்டாவது, அந்த விலகல் எழுதியவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பே தவிர, எழுதப்பட்டவருக்குக் கிடைப்பதன்று. கவிதைசொல்லி வேறு, பிளாத் வேறு என்று எத்தனை முறை சொன்னாலும், தேனீ ஆராய்ச்சியாளரான ஓட்டோவின் மேல் அந்தக் கறுப்பு உருவம் படிந்துவிட்டது. நாஜிகளால் பேரழிவுக்கு ஆளான யூத மக்களின் துயரத்தைத் தனிப்பட்ட துயருக்கு உருவகமாக்கியது சரியா என்ற விவாதமும் ஓயவில்லை; அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

வேறு வழிகளும் உண்டு. ஜான் பெரிமன் தம் 'ட்ரீம் சாங்ஸ்' வரிசையில் ஹென்றி என்ற பாத்திரத்தைப் படைத்து, அவன் நான் அல்லன் என்று முன்குறிப்பிலேயே எழுதினார். ஆனால் பெரிமனுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, 1926இல், அவருடைய தந்தை தற்கொலை செய்துகொண்டார். 385 பாடல்கள் கொண்ட அந்த வரிசையின் 384ஆம் பாடலில் ஹென்றி தன் தந்தையின் கல்லறை முன்னால் நிற்கிறான். ஆன் செக்ஸ்டனோ, தமக்குச் சகோதரனே இல்லாத நிலையிலும், போரில் இறந்த சகோதரனைப் பற்றி எழுதினார்; வாசகர்கள் அதை அப்படியே நம்பினார்கள்.

ஐந்தாம் படி: எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

நகரம், தொழில், ஆண்டு, பிறப்பு வரிசை, உடல் அடையாளம் ஆகியவற்றை உறவினரைக் காப்பதற்காக மாற்றலாம். யார் யாருக்கு என்ன செய்தார் என்பதை மட்டும் மாற்றாதீர்கள். செய்யாத கொடுமையை ஒருவர் மேல் ஏற்றுவதும், நீங்கள் செய்ததை மறைத்து உங்களை வெறும் பாதிக்கப்பட்டவராகக் காட்டுவதும் ஒரே வகைப் பொய்தான்.

பெயர் சொல்வதைப் பற்றி நம் மரபுக்கு மிகத் தெளிவான நிலைப்பாடு ஒன்று இருந்தது. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்தது. அதனால் காதலும் பிரிவும் ஊடலும் யாருடையவை என்று தெரியாமலே எல்லாருடையவையும் ஆயின. சங்கப் பெண்பாற் புலவர் நக்கண்ணையார் சோழன் கோப்பெருநற்கிள்ளி மேல் கொண்ட காதலைப் பாடிய பாட்டுகள், அவை இன்னாரைப் பற்றியவை என்பது வெளிப்படையாக இருப்பதால், அகநூல்களில் இடம்பெறாமல் புறநானூற்றில் 83 முதல் 85 வரையிலான பாட்டுகளாக நிற்கின்றன. இந்த விதியை இன்று எவரும் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் பெயரை நீக்கிய பிறகும் கவிதையின் வலு குறையாமல் இருக்கிறதா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். குறைந்தால், வலு பெயரில்தான் இருந்தது, கவிதையில் இல்லை.

ஆறாம் படி: தீர்ப்பை எடுத்துவிட்டுக் காட்சியை வையுங்கள்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள், ஏனெனில் உண்மையான எழுத்துவேலை இங்கேதான் நடக்கிறது. முதல் வரைவில் இப்படி ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம்:

அப்பா என்னை ஒருநாளும் நேசித்ததில்லை.

இது தீர்ப்பு. வாசகர் இதை நம்பலாம் அல்லது நம்பாமல் போகலாம்; பார்ப்பதற்கு எதுவும் இல்லை. இந்தத் தீர்ப்பு எந்த நாளில் உங்களுக்குள் பிறந்தது என்று கேட்டுக்கொண்டால் ஒரு காட்சி வரும்:

ஆண்டுவிழா அரங்கில்
கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றபடி
கைக்கடிகாரத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தார் அப்பா.

இப்போது தந்தை கண்ணுக்குத் தெரிகிறார். ஆயினும் இன்னும் அவர் குற்றப்பத்திரிகைக்குள்தான் இருக்கிறார். அதே காட்சியில் நீங்கள் காண விரும்பாமல் விட்ட ஏதேனும் உண்டா என்று மறுபடியும் கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும்:

என் பெயரை அழைத்தபோது
அதைக் கழற்றிச்
சட்டைப் பையில் போட்டார்.
இத்தனை வருடம் இந்த வரியை
நான் எழுதவில்லை.

கடைசியிலிருந்து மூன்றாம் வரி வரையில் மாறியிருப்பவர் தந்தை. கடைசி இரண்டு வரிகளில் மாறுபவர் எழுதுபவர். புகார் எங்கும் பின்வாங்கப்படவில்லை. அவர் கடைசி வரிசைக்குப் பின்னால்தான் நின்றார். ஆனால் அவருக்கென்று ஒரு மனம் இருந்தது என்பதும், மகளோ மகனோ அதை இத்தனை காலம் மறைத்து வைத்திருந்தார் என்பதும் கவிதைக்குள் வந்துவிட்டன. இத்தகைய இரண்டாம் பார்வைக்கு இடமே தராத கொடுமைகளும் உண்டு. அங்கே செயற்கையாகக் கருணையைச் சேர்ப்பது பொய். அப்போதும் தீர்ப்பை விடக் காட்சியே வலுவானது.

ஏழாம் படி: வடிவத்தைத் துணைக்கு அழையுங்கள்

ஒப்புதல் கவிதை என்றால் கட்டுப்பாடற்ற கொட்டல் என்ற எண்ணம் தவறானது. செக்ஸ்டனின் 1960ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள 'தி டபுள் இமேஜ்' இதற்குச் சான்று. புற்றுநோயால் இறந்துகொண்டிருக்கும் தாய், தற்கொலை முயற்சிகளிலிருந்து மீண்ட மகள், பாட்டி வீட்டில் வளர நேர்ந்த பேத்தி என்று மூன்று தலைமுறையின் குற்ற உணர்வைப் பேசும் அந்த நீண்ட கவிதை, இயைபுத் தொடை அமைந்த கட்டுக்கோப்பான பத்திகளில் எழுதப்பட்டது. ஸ்னாட்கிராஸ் தம் மகளைப் பற்றி எழுதிய கவிதைகளும் அப்படியே. தாங்க முடியாததைச் சொல்லும்போது, அடுத்த சொல் ஓசைக்கும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் முதலில் வாயில் வந்த வசையைத் தள்ளிவிட்டு இரண்டாவது, மூன்றாவது சொல்லைத் தேட வைக்கிறது.

தமிழில் எழுதுபவர்கள் நேரிசை ஆசிரியப்பாவை முயன்று பார்க்கலாம். ஈற்றுக்கு முந்தைய அடி முச்சீராகக் குறைந்து, பிறகு கடைசி அடி நாற்சீராக விரியும் அதன் அமைப்பு, சொல்லத் தயங்கி நின்று பிறகு சொல்லிவிடும் பேச்சுக்கு இயல்பாகவே பொருந்துகிறது. இறுதி வடிவம் புதுக்கவிதையாகவே இருந்தாலும் இந்த இடைநிலைப் பயிற்சி வீணாகாது.

எட்டாம் படி: பிறர் எழுதிய சொற்களைத் தொடுமுன் நில்லுங்கள்

கடிதம், குறுஞ்செய்தி, குரல் பதிவு, நாட்குறிப்பு ஆகியவற்றை எழுதியவரின் அனுமதியின்றிக் கவிதையில் சேர்க்காதீர்கள். இந்த வழிகாட்டியில் விதிவிலக்கின்றி நான் வலியுறுத்தும் ஒரே விதி இதுதான். காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டும்.

லோவெல் 1970இல் இங்கிலாந்து சென்று, அங்கே எழுத்தாளர் கேரொலின் பிளாக்வுட்டுடன் வாழத் தொடங்கினார். அமெரிக்காவில் இருந்த அவருடைய மனைவியும் எழுத்தாளருமான எலிசபெத் ஹார்ட்விக், கைவிடப்பட்டவரின் வேதனையோடு அவருக்குக் கடிதங்கள் எழுதினார். அக்கடிதங்களின் வரிகளை எடுத்தும், மாற்றியும், ஹார்ட்விக் பேசுவதாகவே பதினான்கு வரிக் கவிதைகளுக்குள் அமைத்தார் லோவெல். கையெழுத்துப் படியைப் படித்த அவருடைய நெருங்கிய தோழி, கவிஞர் எலிசபெத் பிஷப், 1972 மார்ச்சில் நீண்ட மடல் ஒன்று எழுதினார். கவிதைகளின் சிறப்பைப் பாராட்டிய பிறகு, எந்தக் கலையும் இவ்வளவு பெரிய விலைக்குத் தகுதியானதன்று என்று அதில் சொன்னார். கடிதங்களைப் பயன்படுத்தியதோடு நில்லாமல் அவற்றை மாற்றியதையே அவர் பெரிதும் எதிர்த்தார்: உண்மையும் புனைவும் கலந்துவிட்டால் எது அந்தப் பெண் சொன்னது, எது இவர் சொல்லவைத்தது என்று வாசகரால் பிரிக்க முடியாது, பதில் சொல்ல அந்தப் பெண்ணுக்கு வாய்ப்பும் இல்லை.

லோவெல் சில கவிதைகளின் வரிசையையும் குரலையும் மாற்றினார், ஆனால் நூலைக் கைவிடவில்லை. 'தி டால்ஃபின்' 1973இல் வெளிவந்து 1974இல் புலிட்சர் பரிசு பெற்றது. அதுவரை நட்பாக இருந்த கவிஞர் அட்ரியன் ரிச், அதைக் கவிதை வரலாற்றின் மிகக் கொடூரமான செயல்களுள் ஒன்று என்ற பொருள்பட அச்சிலேயே கண்டித்தார். நூலின் இறுதிக் கவிதையில் லோவெல் தாம் பிறரையும் தம்மையும் காயப்படுத்தியதை ஒப்புக்கொள்கிறார். அந்த ஒப்புதலின் அழகு என்னைத் தொடுகிறது. ஆயினும் ஒப்புக்கொள்வது, எடுத்ததைத் திருப்பித் தருவதாகாது. ஹார்ட்விக்கின் கடிதங்கள் 2019இல்தான் நூலாக வெளிவந்தன. அப்போது அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பேச்சு வழியாக வந்த ஒரு சொற்றொடர், நெடுங்காலம் உங்கள் நினைவில் தங்கி உருமாறியிருந்தால், அது கடிதம் போன்றதன்று. நினைவில் இருப்பது உங்கள் செவி கேட்டது. அதை உங்கள் செவி கேட்டதாகவே எழுதுங்கள். மேற்கோள் குறி இட்டு ஆவணமாக்காதீர்கள்.

ஒன்பதாம் படி: காட்டுங்கள், அல்லது காத்திருங்கள்

கவிதையில் வருபவர் உயிரோடு இருந்து, அவரால் உங்களுக்கு ஆபத்து இல்லாதிருந்தால், அச்சுக்கு முன் காட்டுங்கள். அனுமதி கேட்பதும் முன்கூட்டித் தெரிவிப்பதும் ஒன்றல்ல. எதைச் செய்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவருடைய மறுப்பு எல்லா வேளையிலும் இறுதியானது அல்ல, ஆனால் அவர் சுட்டும் தகவல் பிழையைத் திருத்துவது கட்டாயம்.

காத்திருப்பதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்கக் கவிஞர் ஷாரன் ஓல்ட்ஸ் தம் மணமுறிவைப் பற்றிய கவிதைகளைப் பத்து ஆண்டுகள் வெளியிடுவதில்லை என்று பிள்ளைகளுக்கு வாக்களித்திருந்தார். 'ஸ்டாக்ஸ் லீப்' தொகுப்பு 2012இல் வந்தது, டி. எஸ். எலியட் பரிசும் 2013இன் புலிட்சர் பரிசும் பெற்றது. விட்டுச்சென்ற கணவரைப் பற்றி அதில் உள்ள நிதானமும் பரிவும் முதலாண்டுச் சினத்தில் எழுதியிருந்தால் கிடைத்திருக்குமா என்று ஐயுறுகிறேன். ஸ்னாட்கிராஸ் தம் பெற்றோரையும் சகோதரியின் மரணத்தையும் பற்றிய கவிதைகளை 1970இல் எஸ். எஸ். கார்டன்ஸ் என்ற புனைபெயரில் வெளியிட்டார். அது அவருடைய பெயரின் எழுத்துகளையே இடம்மாற்றி அமைத்த பெயர்.

சிறு பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது கட்டுப்பாடு இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். அவர்களால் இன்று சம்மதம் தர முடியாது. நாளை அவர்களுடைய வகுப்புத் தோழர்கள் அந்தக் கவிதையைப் படிப்பார்கள். அவதூறு, அந்தரங்க உரிமை பற்றிய சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், குற்றச் செயல் எதையேனும் ஒருவர் மேல் சுமத்தும் கவிதையை அச்சுக்குத் தருமுன் வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது.

பத்தாம் படி: தொகுப்பின் வரிசையும் அதன் பிறகும்

தனிக் கவிதைகள் நியாயமாக இருந்தும் தொகுப்பின் வரிசை அநியாயமான கதையைச் சொல்லிவிடக் கூடும். பிளாத் தாம் இறக்கும்போது விட்டுச்சென்ற 'ஏரியல்' தொகுப்பின் கையெழுத்துப் படியை, அன்பு என்ற சொல்லில் தொடங்கி வசந்தம் என்ற சொல்லில் முடியும்படி அடுக்கியிருந்தார். கணவர் டெட் ஹியூஸ் 1965இல் பதிப்பித்தபோது சில கவிதைகளை நீக்கி, பிற்காலக் கவிதைகள் சிலவற்றைச் சேர்த்தார்; புத்தகம் மரணத்தை நோக்கிய பயணமாகப் படிக்கப்பட்டது. பிளாத்தின் சொந்த வரிசை, மகள் ஃப்ரீடா ஹியூஸின் முன்னுரையோடு 2004இல்தான் அச்சேறியது. எனவே உங்கள் தொகுப்பை அடுக்கிய பின், குடும்பத்தில் ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அவர் வரும் கவிதைகளை மட்டும் தொடர்ந்து படித்துப் பாருங்கள். அவர் முதல் பக்கத்தில் இருந்த நிலையிலேயே கடைசிப் பக்கத்திலும் இருந்தால் வரிசையை மறுபரிசீலனை செய்யுங்கள்.

எழுதப்பட்டவர்கள் ஒருநாள் பதில் எழுதுவார்கள் என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பிளாத்தின் தாய் மகளின் கடிதங்களை 1975இல் வெளியிட்டார். டெட் ஹியூஸ் 1998இல் தம் தரப்பைக் கவிதைகளாகவே வெளியிட்டார். செக்ஸ்டனின் மகள் லிண்டா 1994இல் தாயைப் பற்றிய நினைவுநூல் எழுதினார்.

இறுதியாக, வரைவுகளையும் நாட்குறிப்புகளையும் என்ன செய்வது என்று இப்போதே எழுதி வையுங்கள். செக்ஸ்டனின் மனநல சிகிச்சை உரையாடல்களின் ஒலிநாடாக்கள், அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1991இல் வெளியான வாழ்க்கை வரலாற்றில் பயன்படுத்தப்பட்டு, மருத்துவ நெறி குறித்த பெரும் சர்ச்சையை எழுப்பின. அனுமதி தர வேண்டிய பொறுப்பு மகளின் மேல் விழுந்திருந்தது. பிளாத்தின் கடைசி நாட்குறிப்பை, பிள்ளைகள் படிக்கக் கூடாது என்று சொல்லி ஹியூஸ் அழித்துவிட்டார். மூன்றாம் படியில் நீங்கள் எவருக்கும் காட்டாமல் எழுதிய அந்த முதல் வரைவு காக்கப்பட வேண்டுமா, அழிக்கப்பட வேண்டுமா, எத்தனை ஆண்டுகள் பூட்டி வைக்கப்பட வேண்டும், திறக்கும் உரிமை யாருக்கு என்பவற்றை ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி, கையொப்பமிட்டு, நீங்கள் நம்பும் ஒருவரிடம், முடிந்தால் அந்தக் கவிதைகளில் இடம்பெறாத ஒருவரிடம், ஒப்படையுங்கள்.